போகாத மலைக்கு ஒரு துதிப்பாடல்

1802 செப்டம்பரில் லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் ஒரு கவிதை வெளிவந்தது. இடம், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ஷாமொனி பள்ளத்தாக்கு. நேரம், பொழுது விடிவதற்குச் சற்று முன். எதிரே கன்னங்கரேலென்று நிற்கும் மோன் பிளாங்க் சிகரத்தைப் பார்த்துக் கவிஞர் அடுக்கடுக்காகக் கேட்கிறார்: உன் தூண்களைப் பூமியின் ஆழத்தில் ஊன்றியது யார்? வற்றாத ஓடைகளுக்கு உன்னைத் தாயாக்கியது யார்? பனியாறுகளும் ஓடைகளும் ‘கடவுள்’ என்று பதில் முழங்குகின்றன. கவிதையோடு ஓர் உரைநடைக் குறிப்பும் வந்தது. பனியாற்றின் ஓரத்திலேயே பூக்கும் பூக்களை வர்ணித்துவிட்டு, இந்த அதிசயப் பள்ளத்தாக்கில் யாரால் நாத்திகனாக இருக்க முடியும் என்று அது கேட்டது.

எழுதியவர் ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். அவர் ஷாமொனிக்குப் போனதே இல்லை.

அதற்கு முந்தைய மாதம் வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் ஸ்காஃபெல் என்ற மலையில் ஏறியபோது இந்தத் துதி தன்னை மீறிப் பொங்கி வந்ததாகவும், அத்தனை பெரிய எண்ணத்துக்கு நம் ஊர் மலை சிறியது என்று பட்டதாகவும் ஒரு நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியை, கோல்ரிட்ஜ் இறந்த 1834ஆம் ஆண்டிலேயே, அவருடைய பழைய நண்பர் டி குவின்சி பத்திரிகையில் போட்டு உடைத்தார். ஃப்ரீடரிகே ப்ரூன் என்ற பெண் கவிஞர் ஷாமொனிக்கு நேரில் போய் ஜெர்மன் மொழியில் 20 வரிக் கவிதை ஒன்று எழுதியிருந்தார். மலையிடம் கேட்கும் கேள்விகள், ‘கடவுள்’ என்று ஓடைகள் தரும் பதில் எல்லாம் அதில் இருந்தன. கோல்ரிட்ஜ் அதை 85 வரியாக விரித்தார். ப்ரூனின் பெயரைச் சொல்லவில்லை.

கோல்ரிட்ஜைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. (ஏற்ற வேண்டியவர்தான், ஆனால் 20 வரி 85 வரி ஆனபோது கவிதை உண்மையாகவே மேம்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ரொமான்டிக் கவிஞர்கள் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் இயற்கையை நேரே தரிசித்தவர்கள் என்று பாடப்புத்தகங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அவர்கள் பார்த்த பார்வையே நாடு விட்டு நாடு புத்தகமாகவும் மொழிபெயர்ப்பாகவும் கடனாகவும் களவாகவும் வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டன.

‘ரொமான்டிக்’ என்றதும் நமக்குக் காதல் ஜோடியும் டூயட் பாட்டும் நினைவுக்கு வருவது ஒரு தடங்கல். இலக்கியத்தில் அது ஏறத்தாழ 1770 முதல் 1850 வரையிலான ஒரு போக்கின் பெயர். தமிழ்த் திறனாய்வாளர்கள் கற்பனாவாதம் என்பார்கள், புனைவியல் என்பார்கள். இரண்டுமே எனக்கு அரைமனதாகத்தான் சம்மதம். ஏனென்றால் அந்தக் கவிஞர்கள் கற்பனையில் மிதப்பதாகத் தங்களை நினைக்கவில்லை. மற்றவர்கள் பார்க்கத் தவறியதைப் பார்ப்பதாகவே நினைத்தார்கள்.

அவர்களுக்கு முந்தைய தலைமுறைப் படிப்பாளிகளின் பேச்சில் உலகம் ஒரு கடிகாரம். நியூட்டன் கண்டுசொன்ன விதிகளின்படி சக்கரங்கள் சுழல்கின்றன. கடவுள் சாவி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மனிதன் வெளியே நின்று அதை ஆராய்கிறான். இந்த ‘வெளியே’ என்பதைத்தான் ரொமான்டிக்குகள் ஏற்கவில்லை. இயற்கை உயிருள்ளது, பார்க்கிறவனின் மனமும் அதே உயிரின் ஒரு கிளை என்றார்கள். ஒரு மலையைப் பார்ப்பதில் பாதி மலையின் வேலை, பாதி மனத்தின் வேலை.

இது எங்கே தொடங்கியது என்று ஒற்றை ஊரைக் காட்ட முடியாது. ஆனால் ஐரோப்பா முழுவதையும் மலை ஏற வைத்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால், ஜெனீவாவில் பிறந்த ழான் ழாக் ருசோவைச் சொல்ல வேண்டும். 1761இல் வெளிவந்த அவருடைய ‘ஜூலி’ என்ற கடித நாவல் ஜெனீவா ஏரிக்கரையில் நடக்கிறது. மலைமேல் காற்று மெலியும்போது மனமும் தெளிகிறது, கீழான ஆசைகள் கீழேயே தங்கிவிடுகின்றன என்று அதில் நாயகன் எழுதும் கடிதத்தை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. ஏரிக்கரை ஊரான கிளாரனுக்கு ஆட்கள் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூலி எந்த மரத்தடியில் நின்றாள் என்று தேடிப் போனார்கள். ருசோ அந்த நாவலை எழுதியதோ ஏரிக்கரையில் அல்ல. பாரிஸுக்கு அருகே ஒரு தோழி கொடுத்த வீட்டில், பிறந்த ஊரின் ஏரியை நினைத்து நினைத்து எழுதினார். மலை கண்ணெதிரே இல்லாதபோதுதான் மலையைப் பற்றி நன்றாக எழுத வருகிறது போலும். இதே கதை இன்னொரு முறை வரப்போகிறது.

வடக்கே ஸ்காட்லாந்திலிருந்து வேறொரு சரக்கு வந்தது. ஓசியன் என்ற பழங்காலக் குருட்டுக் கவிஞரின் பாடல்களைக் கேலிக் மொழியிலிருந்து பெயர்த்ததாகச் சொல்லி 1760களில் ஜேம்ஸ் மெக்பெர்சன் புத்தகங்கள் வெளியிட்டார். மூடுபனி, பொட்டல் மேடு, ஊளையிடும் காற்று. ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் ‘வெர்தர்’ நாவலில் (1774) நாயகன் காதலிக்குப் பக்கம் பக்கமாக ஓசியனை வாசித்துக் காட்ட, இருவரும் அழுகிறார்கள். ஓசியனில் பெரும்பகுதி மெக்பெர்சனின் சொந்தச் சரக்கு என்பது பிறகு தெளிவானது. போலிச் சரக்காயினும் கண்ணீர் அசல்.

1798க்கு வருவோம். அந்த ஆண்டில்தான் இந்தப் போக்குவரத்து ஒரே கப்பலில், ஒரே பயணத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. செப்டம்பரில் கோல்ரிட்ஜ், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், அவருடைய தங்கை டோரதி மூவரும் யார்மத் துறைமுகத்திலிருந்து ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்கள். கோல்ரிட்ஜின் கையில் இருந்தது பீங்கான் வியாபாரத்தில் பணம் சேர்த்த வெட்ஜ்வுட் சகோதரர்கள் தந்த ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை. ஹாம்பர்க்கில் முதிய ஜெர்மன் கவிஞர் க்ளாப்ஸ்டாக்கைச் சந்தித்தார்கள். அதன்பின் வழி பிரிந்தது.

வேர்ட்ஸ்வொர்த்தும் டோரதியும் செலவைக் குறைக்க கோஸ்லார் என்ற சிற்றூரில் தங்கினார்கள். கொடுங்குளிர். ஜெர்மன் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. கையில் ஆங்கிலப் புத்தகமும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து வேர்ட்ஸ்வொர்த் எழுதியதெல்லாம் சொந்த ஊர் ஏரிகளில் கழிந்த சிறுவயதைப் பற்றி. பின்னாளில் ‘முன்னுரை’ என்ற பெருங்கவிதையாக வளர்ந்ததன் முதல் வரிகள் அவை. அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம்.

நிலா இரவு. சிறுவன் கரையில் கட்டிக்கிடந்த யாருடைய படகையோ அவிழ்த்துக்கொண்டு ஏரிக்குள் போகிறான். துடுப்பு வலிப்பவன் கரையைப் பார்த்தபடியே கரையை விட்டு விலகுவான், இல்லையா? நேர்க்கோட்டில் போவதற்காகக் கரையோரக் குன்று ஒன்றின் உச்சியைக் குறியாக வைத்துக்கொள்கிறான். தூரம் கூடக் கூட, அந்தக் குன்றுக்குப் பின்னால் அதுவரை மறைந்திருந்த பெரிய கரிய மலை ஒன்று தலையைத் தூக்குகிறது. பயந்து வேகமாக வலிக்கிறான். மலை இன்னும் உயர்கிறது. ஓர் உயிருள்ள பிறவியைப் போல அடியெடுத்து வைத்துத் துரத்தி வருகிறது. நடுங்கியபடி படகைத் திருப்பி, எடுத்த இடத்திலேயே கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். பிறகு பல நாள் அவன் மனத்தில் மரமோ கடலோ வானமோ தோன்றவில்லை. மனிதரைப்போல் வாழாத பிரம்மாண்டமான உருவங்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

விலகிப் போனால் பின்னால் இருப்பது தெரியும். கடிகாரக்காரர் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார். திருடியவனின் குற்ற உணர்வுதான் மலைக்குக் கால் கொடுத்தது என்பார் உளவியல் படித்தவர். வேர்ட்ஸ்வொர்த் இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த மலை வெறும் காட்சிப்பிழை அல்ல, ஆசிரியர். திருடாதே என்று எந்தப் பெரியவரும் சொல்லாத விதத்தில் மலை சொன்னது. ரொமான்டிக் இயற்கை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் வரையறை சொல்ல மாட்டேன், இந்தப் படகைத்தான் காட்டுவேன். ஏரிப் பகுதியின் கவிதை என்று உலகம் கொண்டாடும் இது ஜெர்மனியின் குளிரில் உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கோல்ரிட்ஜ் வேறு விதமான ஆள். பழகினார், பேசினார், மொழியைப் பிடித்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ப்ளூமன்பாக்கின் இயற்கையியல் விரிவுரைகளைக் கேட்டார். ப்ரோக்கன் மலையில் ஏறினார். 30 பவுனுக்குப் புத்தகம் வாங்கிவிட்டேன், பெரும்பாலும் தத்துவம் என்று தன் புரவலருக்கு எழுதினார். ஆண்டு முழுவதற்குமான உதவித்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு!

அந்தத் தத்துவத்தில் அப்படி என்ன இருந்தது? பட்டியல் போடாமல் ஒருவரை மட்டும் சொல்கிறேன். 1797இல் ஷெல்லிங் என்ற இளைஞர் எழுதிய நூலில் ஒரு வாக்கியம் வருகிறது: இயற்கை என்பது கண்ணுக்குத் தெரியும் ஆன்மா, ஆன்மா என்பது கண்ணுக்குத் தெரியாத இயற்கை. அப்போது அவருக்கு வயது 22. மரம், கல், நீர் என்று நம் கண்முன் கிடப்பது விளைந்து முடிந்த இயற்கை. அவற்றை ஓயாமல் விளைவித்துக்கொண்டிருக்கும் சக்தியே மெய்யான இயற்கை என்பது இந்தச் சிந்தனையின் அச்சாணி. நெற்குவியலைப் பார்ப்பதற்கும் முளைவிடுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு. கலைஞன் குவியலை வரைந்தால் நகல் எடுக்கிறான். முளைவிடும் சக்தியோடு சேர்ந்துகொண்டால் படைக்கிறான். இங்கிலாந்துக் கவிஞர்கள் உணர்ச்சியாக வைத்திருந்த ஒன்றுக்கு ஜெர்மானியர்கள் இலக்கணம் எழுதிக் கொடுத்தார்கள். கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’வில் ஷெல்லிங்கின் பத்திகள் மொழிபெயர்ப்பாக அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. பழக்கதோஷம் விடவில்லை.

எல்லாப் போக்குவரத்தும் இப்படிச் சத்தமில்லாமல் நடக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தால் ‘ஜெர்மனியைப் பற்றி’ என்ற நூலை எழுதி, புதிய ஜெர்மன் இலக்கியத்தைப் பிரெஞ்சு வாசகர்களுக்கு விளக்கினார். 1810இல் அச்சாகி முடிந்த பிரதிகளை நெப்போலியனின் போலீஸ் கைப்பற்றி அழித்தது. உங்கள் நூல் பிரெஞ்சுத்தன்மை உடையதாக இல்லை என்று போலீஸ் அமைச்சர் அவருக்குக் கடிதம் எழுதினார். தப்பிய பிரதி நாடு கடந்து 1813இல் லண்டனில் அச்சேறியது. ஒரு பிரெஞ்சு நூல் ஜெர்மனியைப் பற்றிப் பேச, இங்கிலாந்துக்கு அகதியாகப் போக வேண்டியிருந்தது.

1816இல் மறுபடியும் ஜெனீவா ஏரி. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் கோடையே வராமல் போன ஆண்டு அது. ஏரிக்கரையில் வாடகை வீடு எடுத்திருந்த ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும் ஒரு படகில் ஏரியைச் சுற்றி வந்தார்கள். கையோடு கொண்டுபோன புத்தகம் ருசோவின் ‘ஜூலி’. அந்தக் கோடை முழுவதும் ஷெல்லி பைரனுக்கு வேர்ட்ஸ்வொர்த்தை மருந்துபோல ஊட்டிக்கொண்டே இருந்தார். குமட்டும் அளவுக்கு ஊட்டினார் என்று பைரனே பின்னால் சொன்னார். ஒரு சுவிஸ்காரரின் ஏரியில், ஆங்கில ஏரிக் கவிஞரை இரண்டு ஆங்கிலேயர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அடுத்த மாதம் ஷெல்லி ஷாமொனிக்குப் போனார். கோல்ரிட்ஜ் போகாத அதே இடம், அதே மோன் பிளாங்க். அவரும் ஒரு கவிதை எழுதினார். அதில் மலை யார் பெயரையும் முழங்கவில்லை. மனிதனின் நன்மை தீமையைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பெரும் சக்தி உயரத்தில் மௌனமாக இருக்கிறது; அந்த மௌனத்துக்குப் பொருள் கொடுப்பது மனம். விடுதிப் பதிவேட்டில் தன்னைப் பற்றிக் கிரேக்க மொழியில் மூன்று சொற்களை எழுதிவைத்தார்: மனித நேயன், ஜனநாயகன், நாத்திகன். இந்தப் பள்ளத்தாக்கில் யாரால் நாத்திகனாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஐரோப்பாவுக்குள் அக்கம்பக்கத்து வீட்டுக் கொடுக்கல் வாங்கல். கிழக்கிலிருந்தும் சரக்கு போனது. வில்லியம் ஜோன்ஸ் காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலமாக்கி 1789இல் கல்கத்தாவில் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் அதை கேயார்க் ஃபோர்ஸ்டர் ஜெர்மனாக்கினார். ஆசிரமத்தை விட்டுப் போகும் சகுந்தலையை மான்குட்டி சேலையைப் பிடித்து இழுப்பதும், அவள் கொடியிடம் விடைபெறுவதும் கதேயைக் கிறங்க வைத்தன. சகுந்தலையின் பெயரைச் சொன்னாலே எல்லாம் சொன்னதாகிவிடும் என்று நாலு வரியில் பாடினார். ஃபோர்ஸ்டர் சாதாரண மொழிபெயர்ப்பாளர் அல்லர். கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றியவர். அவர் 1790இல் இங்கிலாந்துக்குப் பயணம் போனபோது உடன் அழைத்துச் சென்ற இளைஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். ஹம்போல்ட் பின்னர் தென் அமெரிக்காவில் ஐந்து ஆண்டு அலைந்து, செடியும் உயரமும் காற்றும் வெப்பமும் ஒரே வலையின் கண்ணிகள் என்று காட்டினார். தாவரப் புவியியல் பற்றிய நூலை கதேக்குக் காணிக்கையாக்கினார். தென் அமெரிக்கப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை ஆங்கிலமாக்கியவர் பாரிஸில் வாழ்ந்த கவிஞர் ஹெலன் மரியா வில்லியம்ஸ். பள்ளிப் பையனாக இருந்தபோது வேர்ட்ஸ்வொர்த் முதன்முதலில் அச்சில் வெளியிட்ட கவிதை இவரைப் பற்றியதுதான்! இவருடைய மொழிபெயர்ப்பைத்தான் டார்வின் ‘பீகிள்’ கப்பலில் எடுத்துப் போனார். கவிதைக்கும் அறிவியலுக்கும் நடுவே இன்று நாம் எழுப்பியிருக்கும் சுவர் அன்று முழங்கால் உயரம்கூட இல்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஏனென்றால் அங்கே ஒரு தவறான புரிதலே விளைச்சலாக மாறியது. மனித அறிவை இரண்டாகப் பிரித்தவர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட்: அனுபவத்தை ஒழுங்குபடுத்தும் புரிதல் ஒன்று, அதற்கும் மேலே எட்டிப்பார்க்க ஆசைப்படும் அறிவு இன்னொன்று. இந்த இரண்டாவதால் அனுபவத்துக்கு அப்பால் எதையும் அறிந்துவிட முடியாது என்று எச்சரிப்பதுதான் அவர் நோக்கம். கோல்ரிட்ஜ் இந்தப் பிரிவினையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைத் தளர்த்தினார். அவருடைய நூல் ஒன்றை 1829இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் மார்ஷ் நீண்ட முன்னுரையோடு அமெரிக்காவில் பதிப்பித்தார். அதைப் படித்த அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் வால்டோ எமர்சன் 1834இல் தம்பிக்கு எழுதினார்: அந்த உயர்ந்த அறிவு வாதம் செய்வதில்லை, நிரூபிப்பதில்லை; வெறுமனே காண்கிறது; அதுவே பார்வை. கான்ட் உயிரோடிருந்து படித்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். இதைப் ‘பகுத்தறிவு’ என்று மொழிபெயர்த்தால் தமிழ்நாட்டில் யாரும் ஒப்ப மாட்டார்கள். ‘ஞானம்’ என்றால் ஓரளவு ஒட்டும்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் எமர்சன் இங்கிலாந்து போய்த் தன் ஆதர்சங்களை நேரில் பார்த்திருந்தார். கோல்ரிட்ஜ் மூக்குப்பொடியைக் கழுத்துத் துணியில் சிந்தியபடி, எமர்சன் சார்ந்திருந்த சமயப் பிரிவையே திட்டித் தீர்த்தார். கண்நோய்க்குப் பச்சைக் கண்ணாடி போட்டிருந்த வேர்ட்ஸ்வொர்த், தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, பள்ளிச் சிறுவனைப்போலத் தன் கவிதைகளை ஒப்பித்தார். எமர்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவிஞரைப் பார்க்கத்தானே இத்தனை தூரம் வந்தோம், அவர் கவிதை சொல்கிறார் என்று சுதாரித்துக்கொண்டார். ஊர் திரும்பி 1836இல் ‘இயற்கை’ என்ற சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார்.

அவருக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் குளக்கரையில், 1845 ஜூலை 4 அன்று குடிசை போட்டுக் குடியேறியவர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு வியாபாரி அனுப்பிய நூறு ஆட்கள் வந்து, உறைந்த குளத்தைப் பாளம் பாளமாக அறுத்துக் கரையில் அடுக்கினார்கள். அமெரிக்கப் பனிக்கட்டி அப்போது மரத்தூளில் புதைத்துக் கப்பலில் இந்தியா வரை வந்துகொண்டிருந்தது; சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதற்காகக் கட்டப்பட்ட கிடங்குதான். தோரோ அதை நினைத்து எழுதினார்: சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்கள் என் கிணற்றில் நீர் குடிக்கிறார்கள், நான் காலையில் பகவத்கீதையில் என் அறிவை நீராட்டுகிறேன், வால்டன் நீர் கங்கை நீரோடு கலக்கிறது. அவர் படித்த கீதை 1785இல் லண்டனில் வெளியான சார்லஸ் வில்கின்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில் தோரோ இன்னொரு கணக்கும் தருகிறார்: அந்தக் குவியலில் ஒரு பகுதியைத்தான் எடுத்துப் போனார்கள், மீதி 1848 செப்டம்பர் வரை கரையிலேயே கிடந்து உருகியது, பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. ஐஸ் ஹவுஸில் வால்டன் தண்ணீர் எவ்வளவு இறங்கியதோ, கீதை வால்டனில் தடையில்லாமல் இறங்கியிருந்தது.

தமிழுக்கு இந்த ஓடையில் ஒரு கிளை ஷெல்லி வழியாக வந்தது. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி இளமையில் ஷெல்லியில் மயங்கி, ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டு எழுதினார். தாசன் என்பது நமக்குக் கோயில் வாசலிலிருந்து வந்த சொல். ராமதாசன், கிருஷ்ணதாசன், காளிதாசன். ஷாமொனி விடுதிப் பதிவேட்டில் நாத்திகன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவருக்கு, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, சக்தியை உபாசித்த ஒரு தமிழ்க் கவிஞர் அடியாராகக் கையெழுத்திட்டார்.